கிளிப்பச்சைப் பொன்னாடை

அந்தப் பொன்னாடை கிளிப்பச்சை நிறம். ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சரிகை. நகம் பட்டாலே பிசிறு பிசிறாக எழும்பும் மலிவுச் சரிகை. ஏரல் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து நடத்திய பாராட்டு விழாவில் அரிசி மில் அண்ணாச்சி அதை என் மதினியின் தோளில் போர்த்தியபோது, அது அவளுக்கு மிகவும் பெரிதாக இருந்தது. ஒரு முனை தரையைத் தொட்டது. மறுமுனையை எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். போட்டோக்காரர் கீழே இருந்து, "அண்ணாச்சி, சரியா விழல, இன்னொரு தடவ போடுங்க" என்றார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அதை உருவி, உதறி, மறுபடியும் போர்த்தினார். கூட்டமும் மறுபடியும் கைதட்டியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதச் சாயங்காலம் அது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு பரிசு இருந்தது, ஒரு சில்வர் டம்ளர். இரண்டாவதாக வந்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

மதினி என் தாய்மாமாவின் மகள். என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள், ஒரே வகுப்பு. எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, நான் மட்டும் "மைனி" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்கம்மா போட்ட சட்டம். அதற்காகவே வகுப்பில் எங்களைக் கேலி செய்வார்கள். கணக்குப் பரீட்சையில் அவள் எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் காக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அப்போதுதான் கேள்வியை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருப்பேன். பொறாமைப்படக்கூட எனக்குத் தோன்றாது. அவள் வீட்டில் ஓர் ஓட்டை டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பாள். "இந்தப் பெட்டிக்குள்ள வந்து எப்படிப் பேசுதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்ட்டி" என்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் வட்டாரத்திலேயே அவள்தான் முதல் மதிப்பெண். மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து அந்தப் பெட்டியின் ரகசியத்தைப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மாமா ஒரு பாத்திரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் நல்ல வயல்கள் இருந்தன. எல்லாம் போய்விட்டது, அந்த வயல்களுக்கு உரிய நடை மட்டும் மாமாவிடம் மிச்சமிருந்தது. சலவை வெள்ளைச் சட்டை, கையில் குடை, கடைத்தெருவில் யார் வணக்கம் சொன்னாலும் லேசாகத் தலையை அசைப்பது, இப்படி. மூத்த மகளின் கல்யாணத்தில் அத்தையின் நகைகளும் போய்விட்டிருந்தன. அரிசி மில் அண்ணாச்சியின் தாத்தா, மாமா வீட்டு வயலைக் குத்தகைக்கு உழுதவர். இதை மாமாவும் மறக்கவில்லை, அண்ணாச்சியும் மறக்கவில்லை. ஊரில் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசும் அண்ணாச்சி, தன்னைவிட மூத்தவரான மாமாவை மட்டும் "வாரும்வே" என்பார். மாமா அவரை "அண்ணாச்சி" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அந்தக் கோடையில் மகளுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கினார். துணைக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூட்டிப் போவார்கள். பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி, வெயிலில் நடந்து, ஒவ்வொரு அலுவலகமாகப் போவோம். அரசாங்க உதவித்தொகை எங்களுக்குக் கிடையாது என்றார்கள். வங்கியில் ஜாமீனுக்குச் சொத்து இருக்கிறதா என்றார்கள். வசதியான ஒரு தூரத்துச் சொந்தக்காரர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு மதுர? இங்கனயே ஏதாவது படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கொடுத்தார். இதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது மாமாவைப் பார்ப்பதுதான். அவருக்குக் கேட்கவே வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஆற்றில் தண்ணீர் வரத்து, நெல் விலை, பஸ் கூட்டம் என்று பேசுவார். பேசி முடித்துக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இரண்டு மூன்று இடங்களில் இப்படி ஆன பிறகு, மதினியே பேச ஆரம்பித்தாள். "சார், நான் இஞ்சினீயரிங் படிக்கணும். எங்க வீட்டுல வசதி இல்ல. நீங்க உதவி செய்யணும்." ஒவ்வொரு வாசலிலும் இதே மூன்று வாக்கியம். அவள் சொல்லும்போது மாமா சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. பாளையங்கோட்டையில் வயதான வக்கீல் ஒருவர், இறந்துபோன மகன் நினைவாகச் சின்னதாக ஒரு டிரஸ்ட் நடத்திவந்தார். எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வருசத்துக்கு ஒரு பிள்ளை. படிப்பு முடிகிறவரை கல்லூரிக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர் மதினியிடம் நெடுநேரம் பேசினார். டிரான்சிஸ்டர் கதையைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த வாரமே கூப்பிட்டு, அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. மாமா எங்களுக்கு முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சந்தோஷத்தில் ஏதோ ஒன்று அவருக்குச் சரியாக உள்ளே இறங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மகள் கேட்டு வாங்கியது அது. அவர் கௌரவத்துக்குத் தானாக வந்ததில்லை.

பாராட்டு விழா வந்தது அதற்குப் பிறகுதான். பொன்னாடையை இரண்டாவது முறை போர்த்தி முடித்த அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "இந்தப் பிள்ள எம்புட்டுப் படிச்சாலும் சரி, எங்க போயிப் படிச்சாலும் சரி, அம்புட்டுச் செலவும் என் பொறுப்பு. ஊரறிய மைக்குல சொல்லுதேன்" என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்து மாமாவைப் பேசச் சொன்னார்கள். வாழ்நாளில் மைக் பிடிக்காத மாமா, அதை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார். "அண்ணாச்சி சொல்லிட்டாவ, அது போதும். பாளையங்கோட்டையில ஒரு டிரஸ்ட்டுல எம் மகளுக்குத் தாறதாச் சொல்லியிருக்காவ. நாளைக்கே போயி அதை வேண்டாம்னு சொல்லிருதேன். ஒரு கை பிடிச்ச பெறகு இன்னொரு கைய நீட்டுதது எங்க குடும்பத்துக்கு வழக்கமில்ல. இல்லாத வேற ஒரு பிள்ளைக்கு அது போகட்டும்."

அந்தக் கைத்தட்டலை என்னால் மறக்க முடியாது. அண்ணாச்சிக்குக் கிடைத்ததைவிட அது பெரியது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். "என்னதான் இருந்தாலும் பழைய குடும்பம்வே" என்று என் பின்னால் ஒருவர் சொன்னார். கோடை முழுக்கக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அன்றைக்குக் கொடுக்கிறவராக ஆகிவிட்டார். அவர் முகம் அப்படிப் பிரகாசித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. மதினி பச்சைப் பொன்னாடைக்குள்ளிருந்து அப்பாவைப் பார்த்து, யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் பார்த்தேன். மாமா பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமா பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். வக்கீல் உலகம் பார்த்தவர். "மேடையில சொன்னதெல்லாம் பணமா ஆகணும். காலேஜ்ல கட்டி முடிச்ச பிறகு வந்து சொல்லுங்க, அதுவரைக்கும் இது பிள்ளை பேர்லயே இருக்கட்டும்" என்றாராம். மாமாவுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. அண்ணாச்சி காதுக்கு எட்டினால் என்ன நினைப்பார் என்று சொல்லிக் கையோடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். டிரஸ்ட் அடுத்த பிள்ளையைத் தேடியது. அடுத்த பிள்ளை நான்தான். அந்தப் பணத்தில் நீ படிக்க வேண்டாம் என்று எங்கம்மா அழுதாள். மாமாதான் வந்து, "வெளிய எங்கயும் போகல, எம் மருமகளுக்குத்தான போயிருக்கு" என்று சொல்லி என் தலையில் கைவைத்தார். எங்கள் இருவருக்கும் ஒரே கல்லூரியில் இடம் கிடைத்தது. அவளுக்கு அவள் கேட்ட மின்னணுவியல், எனக்குக் கட்டடம் கட்டுகிற படிப்பு.

அதன் பிறகு மாமா மில்லுக்கு நடக்க ஆரம்பித்தார். அங்கேயும் அவர் கேட்கவில்லை. கண்ணில் படும்படி போய் நிற்பார், அவ்வளவுதான். அண்ணாச்சி தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி, "வாரும்வே, பிள்ள விசயந்தான? அது எப்பவோ முடிஞ்ச காரியம்லா" என்பார். கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோது அவர் சொன்னது இது. "எங்க ஆளு அன்னிக்கு அரிசி லோடோட மதுரைக்குத்தான் வாரான். டிராப்ட்ட அவன் கைல குடுத்து விடுதேன், நேரா காலேஜ்லயே கட்டிருவான். நீரு பிள்ளயக் கூட்டிட்டுப் பைய போயி அங்கன நில்லும்."

நாங்கள் ஒன்றாகத்தான் போனோம். எனக்குத் துணையாக எங்கம்மா, அவளுக்குத் துணையாக மாமா. மதினி புது டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, கோரைப்பாய் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். வாளிக்குள் அந்த டிரான்சிஸ்டரை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தாள். டிரஸ்ட் கொடுத்த டிராப்ட்டை நீட்டி நான் காலையிலேயே ரசீது வாங்கிவிட்டேன். அவர்கள் இருவரும் அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக்குள் லாரி ஆள் மாதிரி யார் நுழைந்தாலும் மாமா எழுந்து நின்று, அவர் கடந்து போன பிறகு உட்காருவார். பகலாயிற்று. எங்கம்மா தன் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றி, "அண்ணே, பேங்க் மூடுததுக்குள்ள இதை வச்சு ஒரு டிராப்ட் எடுத்துரு. முதல் தவணையாவது கட்டிருவோம். அந்த ஆளு வந்தா வரட்டும்" என்றாள். மாமா வளையல்களைப் பார்க்கவே இல்லை. "அவரு ஆளு வந்து நிக்கும்போது நாம கட்டியிருந்தோம்னா, அவர நம்பலன்னு ஆயிராதா? ஊரறியச் சொன்ன மனுசரு" என்றார். மதினி, "அப்பா, வாங்கிக்கிடுங்கப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மாமா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கி மூடியது. பிறகு கல்லூரி அலுவலகமும் மூடியது. குமாஸ்தா நல்ல மனிதர். ஜன்னலைச் சாத்தும் முன் வெளியே வந்து, "இனிமே ஒண்ணும் செய்ய முடியாது ஐயா, காலையில அந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிரும்" என்று சொன்னார். மாமா அவருக்கு நன்றி சொன்னார். மதினி வாளியை எடுத்துக்கொண்டாள். நான் விடுதி வாசலில் நிற்க, அவள் பெட்டியோடும் பாயோடும் அப்பாவின் பின்னால் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனாள். எனக்குக் கையாட்டக்கூடத் தோன்றவில்லை.

அண்ணாச்சி ஏமாற்றுக்காரர் இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்க முடியாதது. அவர் மறந்துவிட்டார். அவருடைய ஆள் அன்றைக்கு நிஜமாகவே மதுரைக்கு வந்து, அரிசியை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா போய் நின்றபோது, "அடடா, வேல சோலியில விட்டுப் போச்சேவே. சரி, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லி, வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாராம்.

மோரைக் குடித்துவிட்டு வந்த மாமா செய்த காரியம் இதைவிடப் பெரியது. தீபாவளி விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்க மைனி ஹாஸ்டலுக்குப் பயந்து ஓடியாந்துட்டாளாமே? அண்ணாச்சி அம்புட்டுச் செலவழிச்சும் குடுத்து வைக்கலியே" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், பாத்திரக்கடையிலும் தெருவிலும் மாமாவே சொல்லிக்கொண்டிருந்தது அது. பிள்ளைக்கு ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே அழுகை, கூட்டிவந்துவிட்டேன் என்று. நான் பெட்டியைக்கூட வைக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதுவரை மாமா முன்னால் சத்தமாகப் பேசியதில்லை, அன்றைக்குப் பேசினேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அண்ணாச்சி ஊருக்குப் பெரிய மனுசரு. அவரு வாக்குத் தவறிட்டாருன்னு நம்ம வீட்டுல இருந்தா சேதி போகணும்?" என்றார். மதினி உள்ளே தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "நீ என்ன சொல்லுத மைனி?" என்று கேட்டேன். "ஆமா, பயந்துட்டேன்னு சொல்லுதேன்" என்றாள். ஆட்டுரல் சத்தம் நிற்கவில்லை.

மறுவருசம் அவள் அப்பாவைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள். நானும் போயிருந்தேன். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார், அன்பாகத்தான் பேசினார். "கேள்விப்பட்டேன்மா. வாய்ப்பு வந்தும் பயந்து திரும்பிட்டே. இந்த வருசம் வேறொரு பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு. உன்னை நம்பி மறுபடியும் எப்படித் தர முடியும், சொல்லு?" என்றார். பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மதினி அவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். மாமா குடையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மதினி என் கையை அழுத்திவிட்டு, "பரவால்ல சார்" என்று எழுந்துவிட்டாள். அந்த அறையில்தான் அவள் படிப்பு முடிந்தது. மதுரையில் போனது ஓர் இடம்தான்.

பிறகு சொல்ல அதிகம் இல்லை. கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் வானொலிப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்கிற ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகள். கடைக்குப் பொட்டலம் மடிப்பதும், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதுமாக அவள் வயது போயிற்று. நான் பொதுப்பணித்துறையில் பொறியாளராகி, அதே ஆற்றின் வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை. எனக்கு இருப்பது கோபம், வருசத்தோடு அது ஆறவும் இல்லை. பரிசளிப்பு விழாக்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். யாராவது மைக்கில், இந்தப் பிள்ளையின் முழுச் செலவும் என் பொறுப்பு என்று சொல்லக் கேட்டால், கூட்டத்தோடு சேர்ந்து என் கை தட்டுவதில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இதை எழுதட்டுமா என்று மதினியிடம் கேட்டபோது, "எழுதுட்டி. யார் பேரையும் போடாத" என்றாள்.

மாமா சில வருசங்களுக்கு முன்பு இறந்தார். கடைசிக் காலத்தில் மிகவும் மெலிந்துபோயிருந்தார். கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அந்த நடைக்கும் நிமிர்வுக்கும் உரியவர் இவர்தானா என்று இருந்தது. அண்ணாச்சியும் தளர்ந்துபோய், இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, பெரிய ரோஜா மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு மதினியைப் பார்த்து, "ம்... நான் எம்புட்டோ செஞ்சேன், நீதான் பயந்துட்ட" என்றார். பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பிவிட்டிருந்தார். மதினி அவரைக் கும்பிட்டாள். பிறகு எழுந்து உள் அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மதுரைக்குப் போய்த் திரும்பிய அதே பெட்டி. வரும்போது கையில் அந்தக் கிளிப்பச்சைப் பொன்னாடை இருந்தது. மடிப்பு மடிப்பாகச் சரிகை கறுத்திருந்தது. சொந்தக்காரர்கள் போட்ட கோடித்துணிகளுக்கு மேல் அதைப் போர்த்தினாள்.

"அண்ணாச்சி போட்ட பொன்னாட! இம்புட்டு வருசமாப் பத்திரமா வச்சிருந்திருக்கா பாத்தியளா, நன்றியுள்ள பிள்ள" என்று பெண்களில் யாரோ சொன்னார்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மதினி பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அன்னிக்கு அந்த மேடையில கைத்தட்டு வாங்குனது அப்பாதானட்டி. இது அவுகளுக்குப் போட வேண்டியது." குனிந்து இரண்டு ஓரத்தையும் இழுத்துவிட்டாள். தோளிலிருந்து பாதம் வரை, ஒரு பக்கமும் தரையைத் தொடாமல், அது மாமாவுக்குச் சரியாக இருந்தது.